கொஞ்சு வைத்த முட்டையும் கை நனைக்காத சம்பந்தமும்

கொல்லயில், பாறசாலை வழி,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த பின்.

கர்த்தரின் கிருபையால் தோஹாவில் ஏசி போட்ட ஓட்டல் சமையலறையில் குளிரக் குளிர வாழ்ந்துவரும் என் மனைவியின் ஒரே தம்பி சஜுவுக்கு, அத்தான் ஞானையன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா செல்லபாயும் பிள்ளை பின்சியும் நலம் என்று எழுதுவதுதான் முறை. முறையை மீறிப் பழக்கம் இல்லாததால் எழுதிவிட்டேன், நம்புவது உன் இஷ்டம். இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று நீ கேட்பாய். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து உன் அக்கா நேற்று என்னை நீக்கிவிட்டாள். போனில் பேசலாம் என்றால், நான் ஒரு வாக்கியம் சொன்னதும் அடுத்த அறையில் இருந்து திருத்தம் வருகிறது. காகிதத்தில் மட்டும்தான் இந்த வீட்டில் என்னை யாரும் இடைமறிப்பதில்லை.

முதலில் உனக்கு என் நன்றி. வெளிநாட்டில் இருந்துகொண்டே ஊரில் ஒரு கல்யாணத்தைக் கலைக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. நம் பின்சியை அம்பூரியில் இருந்து பெண் கேட்டு வருவது உனக்குத் தெரியும். பையன் அனூஜுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு வங்கியில் வேலை, நம் பிள்ளைக்கு அதே தெருவில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. இரண்டும் தங்களுக்குள் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம் போல இருக்கட்டும் என்று நமக்கும் கொஞ்சம் வேலை ஒதுக்கியிருந்தன. நாங்களும் ஒன்றும் தெரியாதது போல ஒரு தரகரைப் பிடித்தோம், அவரும் ஒன்றும் தெரியாதது போல நடந்துகொண்டார், சனிக்கிழமை அவர்கள் நம் வீடு காண வருவதாக முடிவாயிற்று. சிக்கல் ஒன்றே ஒன்றுதான். பையனின் அம்மா ஆனந்தபாய், மருமகள் அம்பூரி மலையில் இருந்து தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போக வேண்டாம், வேலையை விட்டுவிடட்டும் என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தார். அந்த வேலைக்காகப் பின்சி என்ன பாடு பட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதை நல்லபடியாகப் பேசிச் சம்மதிக்க வைப்பது மட்டும்தான் அன்றைக்கு என் பொறுப்பு. மற்றதைச் சாயாவும் மிக்சரும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தேன்.

ஏன் மிக்சர் என்பது உனக்கு மறந்திருக்கும். பேச்சு முடிவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும், பிறகு மாற்றிப் பேச முடியாது. ஆகவே பேச்சு முடியும்வரை சாயா, மிக்சர், ஏத்தங்காய் வறுவல். இதெல்லாம் சாப்பாட்டில் சேராது. பேச்சு முடிந்த பிறகுதான் இலை, சோறு, கறி. இது வேதாகமத்தில் எங்கும் இல்லை, அதனால்தானோ என்னவோ எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். அப்படிப்பட்ட நல்ல ஏற்பாட்டில் நீ போன் வழியாக மூக்கை நுழைத்து, “மிக்சரா? நாணக்கேடாக்கும் அக்கா. இப்பம் எல்லாருக்கும் ஸ்டார்ட்டர் வேணும். நான் வீடியோ அனுப்பியேன்” என்றாய். அந்த நிமிடமே உன் அக்காவுக்கு மிக்சர் கசந்துவிட்டது.

வீடியோவில் உன் கை மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கை முட்டையை அவித்தது, உரித்தது, பிளந்தது, மஞ்சள் கருவைத் தோண்டி மயோனைஸும் கடுகுச் சாந்தும் மிளகாய்த் தூளும் போட்டுக் குழைத்தது, பழைய குழியிலேயே பூப்போலப் பிழிந்தது, அதன் தலையில் காரமாக வதக்கிய கொஞ்சு ஒன்றை வாலோடு நட்டது. உன் மெனுவில் இறால் என்று இருக்குமே, அந்தக் கொஞ்சுதான். பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. கடை முட்டை எதற்கு, நம் கோழி இன்று இட்ட முட்டை இருக்கிறதே என்று பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். புது முட்டையை அவித்தால் தோடு ஒழுங்காக உரியாது என்பதை நீ சொல்லவில்லை. தோட்டோடு பாதி முட்டையும் கூடவே வந்தது, மிச்சத்தைப் பார்த்துவிட்டு பின்சி, “எலி கடிச்சுதா அப்பா?” என்று கேட்டாள். ஓடிப்போய்க் கடை முட்டை வாங்கினேன். பிழிவதற்குக் கூம்பு இல்லாததால் பால் கவரைக் கழுவி மூலையை வெட்டினேன். முதலில் ஒன்றுமே வரவில்லை, பிறகு எல்லாம் ஒன்றாக வந்தது.

கொஞ்சை எண்ணெயில் ஒரு வதக்கு வதக்கினால் போதும் என்று சொன்னாயே, உன் அக்காவைப் பற்றி உனக்கு என்னதான் தெரியும்? அவள் தேங்காயை வறுத்து அரைத்து, புளி விட்டு, காந்தாரி மிளகாய் ஒரு கை நிறைய நசுக்கிப் போட்டு, வற்ற வைத்து, சோற்றில் பிசையும் கொஞ்சுக் கறியாகவே இறக்கினாள். கேட்டால், “எனக்க தம்பி ஓட்டல்ல எப்பிடி வேணும்னாலும் வைக்கட்டு. எனக்க அடுப்புல கொஞ்சு இப்பிடித்தான் வேவும்” என்கிறாள். அடுத்த தொல்லை, முட்டைப் பாதிகள் ஸ்டீல் தட்டில் நிற்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் வழுக்கிப் போயின. நானே யோசித்து இட்லித் தட்டின் குழிகளில் உட்கார வைத்தேன், கச்சிதமாக இருந்தது. அப்படியே மூன்று தட்டையும் கம்பியில் கோத்து, மேல் தட்டின் எண்ணெய் துளை வழியாக நடுத்தட்டிலும் நடுத்தட்டின் எண்ணெய் கீழ்த்தட்டிலும் சொட்ட, வந்தவர்கள் நடுவில் கொண்டுபோய் வைத்தேன். ‘டெவில்ட் எக்’ என்ற அதன் ஆங்கிலப் பெயரில் சாத்தான் இருப்பதால், ஜெபம் பண்ணும்போது “இந்த முட்டையையும் ஆசீர்வதியும்” என்று சுருக்கமாக முடித்துக்கொண்டேன். ஆசீர்வாதம் முட்டையோடு நின்றுவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆனந்தபாயின் அண்ணன் கனகதாஸ் வந்திருந்தார். அந்தக் குடும்பத்தில் மூத்தவர், ரப்பர் வியாபாரி, நல்ல சாப்பாட்டு ரசிகர். “இது என்ன சாதனமாக்கும்?” என்று குனிந்து பார்த்தார்.

“ஸ்டார்ட்டர். சாயாவுக்க கூட உள்ளதாக்கும்” என்றேன்.

“தொடாதீங்க அண்ணா” என்றார் ஆனந்தபாய். “மேல இருக்கியது கொஞ்சுக் கறியில்லியா? கொஞ்சு சோத்துக்கு உள்ளதாக்கும்.”

“அடியில முட்டையில்லியா பிள்ளே? அவிச்ச முட்டை சாயாக்கடையில உள்ளதாக்கும்.”

“அடியில என்ன இருந்தா என்ன? மேல கறியாக்கும்.”

யோசித்துப் பார் சஜு. முட்டை சாயாவுக்கு, கொஞ்சு சோற்றுக்கு. இதன்மேல் அதை ஏற்றி வைத்தால் தின்றவன் கை நனைத்தவனா இல்லையா? நம் முன்னோர் யாருக்கும் வராத சந்தேகத்தை நீ ஒரு வீடியோவில் உண்டாக்கிவிட்டாய். என் பெண்ணின் வாழ்க்கையைப் பேச வந்தவர்கள் முட்டையைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். கனகதாஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். கொஞ்சை எடுத்துத் தனியே வைத்துவிட்டு முட்டையை மட்டும் தின்றார். பிறகு கொஞ்சைப் பார்த்து, “இது சும்மா கெடந்து கேடாவுதே” என்று அதையும் வாயில் போட்டார். அடுத்ததில் பிரிக்கும் சிரமத்தையே விட்டுவிட்டார். காந்தாரி ஏறிக் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய, “எனக்க கர்த்தாவே, என்ன ருசி!” என்று மேல் தட்டை முடித்து நடுத்தட்டுக்கு இறங்கினார்.

உன் அக்காவால் சும்மா இருக்க முடியுமா? வாசல்படியில் நின்று, “அண்ணாச்சி நல்லா கை நனைச்சாச்சு. இனி தேதி குறிக்கலாம்லா?” என்று சிரித்தாள். அவள் மட்டும்தான் சிரித்தாள். ஆனந்தபாய் எழுந்துவிட்டார். “முட்டைய காட்டி சம்மதம் வாங்கலாம்னு பாக்கியளா? எனக்க காரியத்த நான் இன்னும் சொல்லல்ல. பெண்ணு வேலைய விடணும். சம்மதமெங்கி மேல பேசலாம்.”

பின்சி உள்ளே இருந்து வந்தாள். “மாமி, நான் நேரா சொல்லியேன். வேலைய விட மாட்டேன். அனூஜுக்கும் தெரியும்.” அனூஜ் தரையைப் பார்த்துக்கொண்டு “ஆமா” என்றான். பேச வேண்டிய இடம் அது, பேச வேண்டிய ஆள் நான். ஓடுகிற பஸ்ஸில் எத்தனையோ சண்டையை விலக்கிய பழைய கண்டக்டர் நான், சொல்ல வேண்டியதை ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகியும் இருந்தேன். வாயைத் திறந்தேன். “இன்னும் ஒண்ணு எடுங்க” என்பதுதான் வந்தது. அதுவும் ஆனந்தபாயைப் பார்த்து.

“ஆலோசிச்சு சொல்லலாம்” என்று சொல்லி எல்லோரும் காரில் ஏறினார்கள். நம் பக்கத்தில் ஆலோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. இலை அப்படியே கிடந்தது, ஆட்டுக்கறி அக்கம்பக்கத்துக்குப் போயிற்று. உன் அக்கா நான் சொன்ன அந்த மூன்று வார்த்தையைக் குரூப்பில் போட்டு, உறவினர் எல்லோரும் சிரிக்கும் படங்களை அனுப்ப, நான் ஆட்சேபிக்க, என்னை நீக்கினாள். பின்சி மட்டும் என்னைக் குறை சொல்லவில்லை. “போவட்டு அப்பா. வேலையாவது இருக்கே” என்று சொல்லிவிட்டு இட்லித் தட்டைத் தேய்க்கப் போனாள். இந்த ஒரு இடத்தில் நான் கிண்டல் செய்யவில்லை, சஜு.

ஆகையால், உன் வீடியோவை அழித்துவிட்டேன். இந்த வீட்டில் இனி ஸ்டார்ட்டர் கிடையாது, முட்டை என்றால் பொரித்தது மட்டும். கல்யாணத்துக்கென்று கேட்ட லீவை ரத்து செய்துவிடு. நீ வந்தாலும் மிக்சர்தான் கிடைக்கும். உன்னையும் உன் கத்தியையும் உன் குளிர்ப் பெட்டியையும் கர்த்தர் காப்பாராக, உன் கையால் சாப்பிடுகிறவர்களை அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காப்பாராக.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டியதால் உனக்கு அத்தானாக வாய்த்த
ஞானையன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆனந்தபாய், பின்னால் அனூஜ். யாரும் அழைக்காமல் நேராகச் சமையலறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் ஒற்றைக்காலில் நிற்கிறாராம். “ஒரு வீட்டுல வயிறு நெறைய தின்னுட்டு இல்லன்னு சொல்லியது நமக்கு கொள்ளாது. நான் தின்னாச்சு, சம்மதிச்சாச்சு. நீ இருந்து ஆலோசி” என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லிவிட்டு ஆனந்தபாய் பின்சியின் பக்கம் திரும்பினார். “எனக்கும் நர்ஸ் வேலை கெடச்சுது மக்கா. அம்பூரி தூரமுன்னு விட வச்சாங்க. உன்ன மாதிரி முகத்த பாத்து சொல்ல எனக்கு தெரியல்ல. நீங்க ரெண்டுபேரும் நெய்யாற்றின்கரையில வீடு எடுத்து இருங்க” என்றார். உன் அக்கா பதறிப்போய்ச் சாயாவும் மிக்சரும் கொண்டுவந்து வைத்தாள். ஆனந்தபாய் மிக்சரைத் தள்ளி வைத்துவிட்டு, “இது எதுக்கு? சோறு போடுங்க” என்றார். மேலே எழுதியது எதையும் படிக்காதே, லீவையும் ரத்து செய்யாதே, அந்த வீடியோவை உடனே திரும்ப அனுப்பு. நேற்றைய வெறுப்பில் இன்று வீட்டில் பருப்பும் பப்படமும்தான் இருக்கிறது. பின்சி இலை அறுக்க ஓடியிருக்கிறாள், ஆனந்தபாய் கையைக் கழுவிவிட்டுக் காத்திருக்கிறார்.