ரிட்ரீட்டுக்குப் போட்ட மொட்டை

என் தங்கையின் கல்யாணத்தை ஒரே வார்த்தையில் நிறுத்தியவன் நான். கெட்ட வார்த்தை இல்லை. கோபத்தில் சொன்னதும் இல்லை. அம்மாவிடம் ரொம்ப அன்பாக, போனில் சொன்ன ஒரு ஆங்கில வார்த்தை: ரிட்ரீட்.

அது என்ன என்று முதலிலேயே விளக்கிவிடுகிறேன். அன்றைக்கு விளக்காததால் வந்த வினைதான் எல்லாம். சிறுசேரியில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, உலகத்துக்கு நம்மால் ஏதாவது ஆக வேண்டும் என்று திடீரென்று ஞானம் வந்தது (மேனேஜரோடு சண்டை வந்தது என்றும் சொல்லலாம்). ஒரு வருடம் விடுப்புப் போட்டுவிட்டு, கம்போடியாவில் ஒரு கிராமத்துப் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் தொண்டு வேலைக்குப் போனேன். அங்கே சில மாதங்களுக்கு ஒருமுறை தொண்டர்களையெல்லாம் மலைக்கோ ஆற்றங்கரைக்கோ கூட்டிப்போய், பேசாமல் உட்காரவைத்து, மனதில் கிடப்பதையெல்லாம் கொட்டச் சொல்லி, அழவைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அதுதான் ரிட்ரீட். பள்ளிக்கூடத்தில் பாதி நாள் கரண்ட் இருக்காது. ஆகவே நான் கம்ப்யூட்டர் சொல்லித்தந்ததைவிட ரிட்ரீட்டில் அழுததுதான் அதிகம்.

தொண்டு முடியும் தறுவாயில் கடைசி ரிட்ரீட். பல நாடுகளில் இருக்கும் தொண்டர்களை ஒரே இடத்தில் சேர்த்து நடத்துவார்கள். அது முடிந்தால் அவரவர் வீட்டுக்குப் போகலாம். இடம் எது என்று பார்த்தால், மாமல்லபுரம்! கடலோரம் ஒரு விடுதி. எங்கள் வீடு இருப்பதோ திருக்கழுக்குன்றத்தில். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா வறுத்த மீனோடு, பக்கத்து வீட்டையும் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிடுவாள், வெள்ளைக்கார நண்பர்கள் எதிரில் மானம் போய்விடும் என்று பயந்தேன். (மானம் எப்படியும் போகத்தான் போகிறது என்று அப்போது தெரியாது.) போன்களை வாங்கி வைப்பதற்கு முன், மணலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். கடல்காற்று காதை அடைத்தது.

"அம்மா, மூணு நாள் ரிட்ரீட்ல இருப்பேன். போன வாங்கி வச்சிப்பாங்க. யாரையும் பாக்க வுட மாட்டாங்க."

"ட்ரீட்மென்ட்டா?" என்று அம்மா கேட்டாளாம். காற்றில் எனக்குச் சரியாக விழவில்லை. ஆமாம் என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

"எதுக்குடா?"

"உள்ள கீறதையெல்லாம் வெளிய எட்த்துருவாங்கம்மா. எடுக்கசொல்ல வலிக்கும், அப்பால லேசாயிடும். பயப்படாத, இதான் கடைசி. இதோட எல்லாம் முடிஞ்சிது."

அம்மா மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. மகன் பக்குவப்பட்டுவிட்டதைக் கேட்டு உருகிப்போயிருக்கிறாள் என்று நினைத்துப் போனை அணைத்தேன். அன்று பிற்பகல் எங்களுக்கு நடந்த வகுப்பு, பிறர் பேசுவதை முழு மனதோடு காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்பது. நான் நன்றாகச் செய்ததாகப் பாராட்டினார்கள்.

மூன்று நாளும் வாய் திறக்கவில்லை. சவுக்குத் தோப்பில் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். விடுதி மாடியிலிருந்து மேற்கே பார்த்தால் எங்கள் ஊர் மலை மங்கலாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபடி தியானத்தில் உட்கார்ந்தேன். அதே மலைமேல் இருக்கும் கோயிலில் என் வீட்டார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதது எனக்கு எப்படித் தெரியும்?

நாலாம் நாள் காலை, முகத்தில் சாந்தம் வழிய, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து, என் சட்டையைத் தூக்கி வயிற்றைத் தடவினாள்.

"எங்கடா கிழிச்சாங்கோ? தையலே காணோமே?"

விஷயம் புரிந்ததும் நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"ஐயோ, அது ட்ரீட்மென்ட் இல்லம்மா, ரிட்ரீட். மகாபலிபுரத்துல சும்மா உக்காந்துகினு இருந்தேன்."

அம்மா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இங்கயா? மூணு நாளும் இங்கயா இருந்த? நானு உன்னியப் பொட்டியிலதான் எட்த்துகினு வருவாங்கன்னு..." முடிக்கவில்லை. அழவும் இல்லை.

அப்போதுதான் என் தங்கை தேவி செய்திருந்த காரியம் தெரிந்தது. அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை கடப்பாக்கத்துக்காரர். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, இடுப்புக்குக் கீழே தொங்கும் தேவியின் பின்னலைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத்தான் சரி என்று சொன்னார்.

மலைமேல் அம்மாதான் முதலில் தன் முடியைத் தருவதாக வேண்டினாளாம். தேவி அம்மாவின் சுண்டைக்காய்க் கொண்டையைப் பார்த்திருக்கிறாள். "உங்கிட்ட கீற முடிக்கு ஜுரந்தான் சரியாவும். இது பெரிய வியாதிம்மா" என்று சொல்லிவிட்டு, சாமி பக்கம் திரும்பி, "எங்கண்ணன் நோய் நொடி இல்லாம வூடு வந்து சேந்தா என் முடி உனுக்கு" என்று எல்லோர் எதிரிலும் சத்தமாகவே வேண்டிக்கொண்டாள்.

நான் வக்கீல் ஆனேன். "எனுக்குத்தான் நோயே இல்லியே! இல்லாத நோய்க்கு வேண்டுதல் எப்படிச் செல்லும்?"

"நோய் இல்லாம வந்தான்னாத்தான வேண்டிகிச்சு?" என்றார் அப்பா. "நோய் இல்லாமத்தான வந்துகீற? அப்பால இன்னா?"

"கல்யாணம் முடிஞ்சி போடட்டும்பா."

"சாமி கடனை வச்சிகினு இன்னொரு வூட்டுக்குப் போவறதா?" என்றாள் அம்மா. "வோணும்னா நீ மலையேறிப் போயி, ரிட்ரீட்டுனா இன்னான்னு சாமிக்கு வெளக்கிட்டு வா."

"சொன்னது சொன்னதுதாண்ணா. வுடு" என்றாள் தேவி. மலையடிவாரத்தில் அவளுக்கு மொட்டை போட்டபோது பக்கத்திலேயே நின்றேன். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். பின்னல் அப்படியே முழுசாக என் காலடியில் விழுந்தது.

மகனுக்குக் கடைசி ட்ரீட்மென்ட் என்று அம்மா அழுத சேதி ஏற்கெனவே கடப்பாக்கம் வரை போயிருந்தது. மறுநாளே மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்துவிட்டார். தேவியின் தலையைப் பார்த்துத் திடுக்கிட்டாலும், முடிதானே, வளர்ந்துவிடும் என்றார். நல்ல மனிதர். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உனுக்கு இன்னா வியாதி?"

"வியாதியெல்லாம் இல்லீங்க மாமா. ரிட்ரீட்."

"அதான், எதுக்கு ட்ரீட்மென்ட்டு?"

"ட்ரீட்மென்ட் இல்லீங்க. மூணு நாளு யாராண்டயும் பேசாம உக்காந்து, மனசுல கீறதையெல்லாம்..."

"மனசுலயா?"

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் நிற்கவில்லை. "அழுவோம். மரத்தக் கட்டிப் புடிச்சிகினு நிப்போம்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். "குடும்பத்துல வேற யாருக்குனா இது கீதா?"

சாயங்காலம் போன் வந்தது. கல்யாணம் நின்றது. தேவி அப்போதும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

வருடங்கள் ஓடிவிட்டன. தேவி செங்கல்பட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். முடி மறுபடி இடுப்புக்கு வந்துவிட்டது. வரன்களும் வருகின்றன. அண்ணன்காரனுக்குப் புத்தி சரியில்லையாமே என்று யாராவது அவர்கள் காதில் போட்டுவிடுகிறார்கள், வந்தவர்கள் அப்படியே போய்விடுகிறார்கள்.

ஆனாலும் வீட்டில் இது ஜோக்காகத்தான் ஓடுகிறது. வேறு எப்படி ஓட்டுவது? ஊருக்குக் கிளம்பும்போது வாய் தவறி ட்ரெய்னிங், செமினார் என்று ஏதாவது சொல்லிவிட்டால் போதும். அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லோரும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொள்வார்கள். சிரிப்பு அடங்க நேரமாகும்.

தேவி மட்டும் பொத்திக்கொள்ள மாட்டாள். போன மாதம் நான் பெங்களூர் கிளம்பியபோது, பையில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு என் உச்சந்தலையைப் பார்த்தாள். அங்கே இப்போது முடி கொஞ்சந்தான் பாக்கி.

"ஒழுங்கா தமிழ்ல சொல்லிட்டுப் போண்ணா" என்றாள். "உன் முடிக்கு ஜுரங்கூட சரியாவாது. மறுபடியும் என்னுதத்தான் குடுக்கணும்."