அனர்த்த முன்னாயத்தமும் ஒரு காதல் படமும்

அனர்த்த முன்னாயத்தத்தில், அதாவது பேரிடர் வருமுன் ஆயத்தமாவதில், உலகிலேயே முன்னணியில் நிற்பது எங்கள் கல்முனைக் கரைதான் என்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறேன். ஜப்பான்காரனுக்குக் கருவி வேண்டும், கோபுரம் வேண்டும். எங்களுக்கு ஒரு வாய் போதும். யாராவது "கடல் வருது" என்றால், சொன்னது யார் என்றுகூடக் கேட்காமல், அடுப்பில் உலையை அப்படியே விட்டுவிட்டு மொத்த ஊரும் மேற்கே வயலைப் பார்த்து ஓடும். சுனாமிக்குப் பிறகு இப்படிப் பலமுறை ஓடியிருக்கிறோம். ஒருமுறைகூடக் கடல் வரவில்லை. அதுவே எங்கள் முன்னாயத்தத்தின் வெற்றி.

யுத்தம் முடிந்த மறுவருடம் எங்களைத் தேடி ஒரு வெளிநாட்டு நிறுவனம் வந்தது. இளைஞர்கள் ஒரு படம் எடுக்க வேண்டும். அதில் 'நல்லிணக்கம்' இருக்க வேண்டும், 'அனர்த்த முன்னாயத்தம்' இருக்க வேண்டும், சிரிப்பும் இருக்க வேண்டும். நான் அந்த நிறுவனத்தில் திட்ட உதவியாளர். எங்கள் பரம்பரையின் முதல் பட்டதாரி. ஆகவே கூட்டங்களில் தேநீர் ஊற்றும் பொறுப்பும் எனக்கே ஏகமனதாக வழங்கப்பட்டது.

கதை கொண்டுவந்தவன் பாண்டிருப்புத் தினுஜன். பதினெட்டு வயது. டிவிடிக் கடையில் நின்று வெளிநாட்டுப் படங்களாகப் பார்த்துத் தள்ளியவன். அதில் ஒரு வகைதான் அவனுக்கு உயிர். பள்ளிப் பொடியன் ஒருவனுக்கு இன்னொரு பொடியன் மேல் காதல். அதைச் சொல்லத் தெரியாமல் படம் முழுக்க நீச்சல் தடாகத்தில் விழுவான், பிறந்தநாள் கேக்கில் விழுவான். கடைசியில் சொன்னதும் தகப்பன் கட்டிப்பிடிப்பார், பள்ளிக்கூடமே சேர்ந்து ஆடும். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் ஆட வேண்டுமென்றால் மேலிடத்து அனுமதி வர ஒரு தவணை போகும். ஆகவே தினுஜன் கதையை ஊருக்கு ஏற்பத் திருத்தியிருந்தான். தமிழ் ஊரான பாண்டிருப்பின் பொடியனுக்கு, முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதின் பொடியன் மேல் காதல். அவன் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் யாராவது "கடல் வருது" என்பார்கள். ஊர் ஓடும். பாதிச் சவரத்தோடு ஒருவர், பாதி அலங்காரத்தோடு ஒரு மணப்பெண்.

பாண்டிருப்புப் பொடியனாகத் தினுஜன். மற்றவனாகச் சாய்ந்தமருது நுஸ்கி. சைக்கிளும் நுஸ்கியுடையதே.

"றாஹிலா அக்கா, இது நடிப்பில்ல," என்றான் தினுஜன் என்னிடம். "அம்மாக்கிட்ட வாயால சொல்லப் பயமாக் கிடக்கு. படத்தில சொல்லுவன். பக்கத்தில இருந்து அம்மாட முகத்தப் பார்ப்பன்."

"அடிச்சா?"

"மண்டபம் இருட்டுத்தானே. குறி தப்பும்."

கதையைப் பரிசீலிக்க ஊர்ப் பெரியவர்களின் குழு கூடியது. தலைவர் மீராமுகைதீன் ஹாஜியார், புடைவைக் கடை முதலாளி. உபதலைவர் புண்ணியமூர்த்தி மாஸ்டர், ஓய்வுபெற்ற அதிபர்.

"ரெண்டும் பொடியன்மாரா? இதென்ன கதை மாஸ்டர்?" என்றார் ஹாஜியார். "ஒண்டப் பொம்புளப் புள்ளயா மாத்துங்க."

"மாத்தலாம். எங்கட பொடியன் இருக்கட்டும். சாய்ந்தமருதுப் பொடியனப் பொம்பிளப் பிள்ளையாக்குவம்."

ஹாஜியாரின் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "எங்கட புள்ளய உங்கட பொடியன் விரும்புறதா? நாளைக்கே ஹர்த்தால் மாஸ்டர்."

"அப்ப எங்கட பிள்ளைய உங்கட பொடியன் விரும்பலாமோ? நான் பாண்டிருப்பில தெருவில இறங்கேலுமா?"

"சரி, ரெண்டையும் ஒரே சனமா ஆக்குவம்."

"அப்ப நல்லிணக்கம் எங்க ஹாஜியார்?" என்றேன், சீனி போட்டபடி. "நிறுவனம் ஒத்துக்கொள்ளாது."

மாஸ்டர்தான் நாட்டைக் காப்பாற்றினார்.

"ரெண்டும் பொடியன்மாரெண்டா… கூட்டாளிமார்தானே?"

"ஓம், அதுதான் கரைச்சல் இல்லாத வழி," என்றார் ஹாஜியார். "ஒருத்தனுக்கு ஒருத்தன் விருப்பமாம். நல்லம்தானே. இனங்கள் விரும்பத்தானே வேணும்."

இவ்வாறாக, ஓர் ஆண் இன்னோர் ஆணை விரும்புவதே எங்கள் கரையில் எவர் மனத்தையும் புண்படுத்தாத ஒரே காதல் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அந்தச் சரித்திரத் தீர்மானத்துக்கு நான் இரண்டாவது தேநீர் ஊற்றினேன்.

படம் காட்டிய பின்னேரம் மண்டபம் நிறைந்தது. மணப்பெண் ஓடிய இடத்தில் சனம் கதிரையை விட்டு விழுந்து சிரித்தது. சிரிப்பைக் கேட்டு வெளியே சந்தைச் சனம் எட்டிப் பார்த்தது. ஹாஜியாருக்குப் பெருந்தன்மை பொங்கியது. "பாவம், அவங்களும் கேக்கட்டும். கூரை ஸ்பீக்கரையும் போடுங்க."

போட்டோம். திரையில் தினுஜன் கடற்கரையில் நுஸ்கியின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்தான். படத்தில் யாரோ ஒருவன் கத்தினான்: "கடல் வருது."

உள்ளே சிரிப்பு. சந்தைக்குத் திரை இல்லை, ஸ்பீக்கர் மட்டும்தான். மீன்காரர்கள் தராசோடு ஓடினார்கள். அந்தக் கூச்சல் உள்ளே வந்தது. அது படத்தில் இல்லாத கூச்சல் என்று மண்டபத்துக்கு விளங்கிய கணமே மண்டபம் எழுந்தது. ஹாஜியாரும் மாஸ்டரும் ஒரே நேரத்தில் வாசலில் இறுகி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, ஒன்றாக வெளியே தெறித்தார்கள். நல்லிணக்கம் அங்கேதான் கைகூடியது.

"ஓடாதீங்க, படம்தான்," என்று கத்தினேன். மேற்கே போகும் சனத்துக்குப் பட்டதாரியின் குரல் கேட்பதில்லை.

கத்தும்போதே படத்தை நிறுத்தியிருந்தேன். மிஞ்சியது பொடியன்மார் இருவரும், நானும், தினுஜனின் தாய் இராசாத்தியும். அவர் அசையவே இல்லை.

"நீங்க ஓடல்லயா அம்மா?"

"சுனாமிக்கு ஒருக்கா ஓடின நான் பிள்ளை. திரும்பி வரக்குள்ள இவன்ட அப்பா இல்ல. நீ படத்தப் போடு."

போட்டேன். ஊரே ஓடிவிட்ட வெறும் கடற்கரை. திரைத் தினுஜன் சொன்னான்: "கடல் வந்தாலும் சொல்லிட்டுத்தான் ஓடுவன். எனக்கு உன்னத்தான் விருப்பம்."

திரை நுஸ்கி தலையில் கை வைத்தான். "இதச் சொல்லவா இவ்வளவு நாளும் ஊர ஓட வெச்ச? ஏறு சைக்கிள்ள."

உண்மைத் தினுஜன் கன்னத்தைத் தூரமாகத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தான். இராசாத்தி அவனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியில் நுஸ்கியைப் பார்த்தார்.

"சைக்கிள் ஓடுறது நீதானே?"

"ஓம் அன்ரி."

"இவன் பாரம். பார்த்து ஓட்டு." பிறகு மகனிடம்: "நீ வீட்ட வா. உன்னோட கதைக்க நிறையக் கிடக்கு. அவனையும் கூட்டிட்டு வா, சூடை மீன் ஆக்கின நான்."

தினுஜன் அழுதான், சிரித்தான், கதிரையில் தடக்கி விழுந்தான். வெளிநாட்டுப் படத்தில் போலவே.

சற்று நேரத்தில் ஊர் திரும்பியது. ஒற்றைச் செருப்போடு ஹாஜியார் மேடையேறி, "மிகச் சிறந்த படம். ஒருத்தரும் ஒரு எதிர்ப்பும் சொல்லல்ல," என்று பாராட்டினார்.

துணிச்சல் ஏறிப்போயிருந்த தினுஜன் எழுந்தான். "ஹாஜியார், கடைசி ரெண்டு நிமிசத்தத் திருப்பிப் போடட்டா? ஒருத்தரும் பார்க்கல்ல."

"தேவையில்ல மகன். முடிவு எங்களுக்குத் தெரியும்."

"தெரியுமெண்டா ஏன் ஹாஜியார் முதல் ஆளா ஓடின நீங்க?" என்றேன்.

மாஸ்டர் குனிந்து ப்ரொஜெக்டரின் வயரைக் கழற்றினார்.

ஆகவே மீண்டும் உறுதிப்படுத்துகிறேன். கடல் வந்த அந்த ஒரு நாளில் நாங்கள் ஆயத்தமாக இருக்கவில்லை, உண்மைதான். ஆனால் எங்கள் பிள்ளை ஒன்று மனத்தில் உள்ளதைச் சொல்ல வாய் திறக்கும் நாளுக்கு எப்போதும் ஆயத்தம். காதில் விழுவதற்குள் ஊர் காலியாகிவிடும். வழி தவறாமல் இருக்கப் பெரியவர்கள் முன்னால் ஓடுவார்கள்.