உஷ் அண்ணா கழற்றிய திருகாணி

சத்தத்துக்கு ஜென்ம விரோதி என்று இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் உண்டு. திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் உஷ் அண்ணா. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். கடைக்குள் யார் காலை வைத்தாலும் உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்பார், அதுவே பெயராக நிலைத்துவிட்டது. நாலு பக்கமும் ஹாரன் அலறுகிற இடத்தில் இப்பேர்ப்பட்ட மனிதர் கடை போட்டது எந்த ஜாதகக் கோளாறோ.

ஹாலில் டிவியோடு மாட்டிப் படம் பார்க்கிற கம்ப்யூட்டர்தான் அவர் கைவண்ணம். அது ஓடுவதே தெரியக் கூடாது என்பது அவர் கொள்கை. ஒரு டாக்டர் வீட்டுக்கு அப்படி ஒன்று செய்துகொடுத்தார். ஓடுகிறதா என்று தெரியாமல் டாக்டர் பட்டனை அமுக்குவார், ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிடும். "ஆன் ஆகவே மாட்டேங்குது" என்று அவர் திரும்பத் திரும்பக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். உஷ் அண்ணாவுக்கு அதைவிடப் பெரிய விருது வேறென்ன வேண்டும்?

கம்ப்யூட்டரைக் குளிர்விக்கிற புது ஃபேன் வந்தால் அதைச் சோதிக்கிற இடம், அவர் மனைவியின் பீரோ. பட்டுப்புடவைகளுக்கு நடுவில் தலையை நுழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார். புடவைதான் வெளிச் சத்தத்தை நன்றாகக் குடிக்குமாம். வீட்டுக்கு போன் போட்டால் அந்த அம்மாள் சலித்துக்கொள்வார்: "எங்க ஆளு பீரோக்குள்ள கீறாரு. அப்பறமா பண்ணுங்க."

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது என் மகளால். நகரியில் மாமியார் வீட்டில் பிறந்தவளை, ஐந்தாம் மாதம் திருப்பதிக்கு அழைத்து வந்தோம். வந்த நாளிலிருந்து அவள் தூங்கவில்லை. கண்ணை மூடுவாள், அடுத்த நிமிடம் வீல் என்று கத்துவாள். என் மனைவி ரேவதிக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. நானோ படப் பைத்தியம். தூளி தொங்குகிற அதே ஹாலில் என் பழைய கம்ப்யூட்டர் மாவு மெஷின் போல இரைந்துகொண்டிருந்தது. பழி அதன் மேல் விழுந்தது.

"அந்தச் சனியன தூக்கிப் போட்டாத்தான் ஆச்சு. இல்லன்னா பாப்பாவ எட்துக்கினு எங்கம்மா ஊட்டுக்கே போயிடறேன்" என்றாள் ரேவதி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மகள் வந்து சில வாரம்கூட ஆகவில்லை, வீடு மறுபடி காலியாகிவிடும். அன்றைக்கே உஷ் அண்ணா கடைக்கு ஓடினேன்.

உஷ் அண்ணா வந்தார். ஹாலின் நடுவில் கண்ணை மூடி நின்று எங்கள் வீட்டைக் கேட்டார். பிறகு கிசுகிசுத்த குரலில் தீர்ப்புகள் வந்தன.

"படம் பாக்கத்தானே தம்பி? கிராஃபிக்ஸ் கார்டு ஒத்து, வேணாம். அதுக்குன்னு தனியா ஒரு ஃபேன், அது ஒரு பேய். ஹார்டு டிஸ்க்கும் ஒத்து, பல்லக் கடிச்சிக்கினே இருக்கும். அதுக்குப் பதிலா சத்தமே போடாத எஸ்எஸ்டி போட்டுக்கலாம். ப்ராசசர் சூடு ஏறாததா பாக்கணும். சூடே இல்லன்னா ஃபேனு எதுக்கு ஓடப் போவுது?"

"ஃபேனே வேணாமாண்ணா?"

"திருப்பதி வெயிலுக்கு ஒண்ணு வேணும். பெரிசா போடு. சின்னது குட்டி நாயாட்டம் கத்தும், பெரிசு நிதானமா சுத்திக்கினு கெடக்கும்."

எல்லாவற்றையும் அடக்குகிற பெட்டி, அதாவது கேபினட்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. திருப்பதியில் கிடைப்பதெல்லாம் தகரம் என்று என்னைச் சித்தூருக்கு இழுத்துப் போனார். அங்கே ஒவ்வொரு கேபினட்டையும் விரல் கணுவால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, பானை கடை பக்கத்துத் தெருவு" என்றார். கடைசியில் கனமான இரும்பில் ஒன்று தேறியது. அதைப் பஸ்ஸில் மடியில் வைத்து, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி பெருமையாக உட்கார்ந்து வந்தார்.

மெஷின் தயாரானது. ஹாலில் வைத்து ஓடவிட்டோம். சத்தமா, மூச். மகளைத் தூளியில் போட்டோம். வீல்!

மறுநாளும் அதே கதை. ரேவதி பையை எடுத்துத் துணி அடுக்கினாள். அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, "சாயந்தரம் வர்றேம்மா" என்று அழ ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் மாமியார் வீட்டுச் சுவருக்குப் பின்னால் விசைத்தறிகள் டக்கா டக்கா என்று ஓடிக்கொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தால் தூளியில் குழந்தை தூங்கிவிட்டது!

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "அட, இது தோணலியே! கரண்ட் பூட்டு தறி நின்னா, எங்க தெருவுல அத்தினி கொழந்தைங்களும் ஏந்துக்கினு கத்துமே! பொறந்ததுலருந்து அந்தச் சத்தத்துலயே தூங்கினவளாச்சே!"

போனை வைத்ததும் குழந்தை மறுபடி வீல்! நான் உஷ் அண்ணாவுக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி, மெஷின் தறி மாதிரி சத்தம் போட வேண்டும் என்றேன்.

"என் கையால சத்தம் போடச் சொல்றியா நைனா?"

"இல்லன்னா சாயந்தரம் கெளம்பிடறாங்கண்ணா."

அரை மணியில் வந்து நின்றார். கையில் ஒரு சாக்குப்பை. இத்தனை வருடமாக அவர் சீ என்று கழித்துப்போட்ட ஃபேன்கள் அத்தனையும் அதில் இருந்தன. ஒவ்வொன்றாக மாட்டினார். போனில் மாமியார்தான் நடுவர்.

"இது காத்து மாதிரி கீதே. தறி இப்பிடியா ஓடும்?"

"இது பரவால்ல. இன்னும் கொஞ்சம் கடகடன்னு வேணும் தம்பி."

பேரிங் தேய்ந்த ஒரு கிழட்டு ஃபேன் பொருத்தமாக அமைந்தது. ஆனால் அந்தக் கடகடப்பு போதவில்லை. உஷ் அண்ணா கேபினட்டைப் பார்த்தார். சித்தூரில் தட்டித் தட்டி எடுத்த அதே கேபினட். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பக்கத் தகட்டின் திருகாணி ஒன்றைக் கழற்றினார். தகடு ஆடியது. டக்கா டக்கா டக்கா!

"அதான்!" என்றார் மாமியார்.

மூடியிருந்த சின்னக் கை மெல்ல விரிந்தது. மகள் தூங்கினாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ரேவதியும் அப்படியே தூங்கிப்போனாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையிலிருந்த துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினேன்.

அவ்வளவு இரைச்சலிலும் உஷ் அண்ணா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனைநடை நடந்து வாசலுக்குப் போனார். அங்கே என் காதருகே குனிந்து, "இத நான்தான் செஞ்சேன்னு வெளிய யாராண்டயும் சொல்லிடாத தம்பி. தொழிலே பூடும்" என்றார். சாமி சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன்.

இதோ உங்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன். இப்படி ஒரு நல்ல மனுஷனைப் பற்றி எத்தனை நாளைக்குத்தான் வாயை மூடிக்கொண்டு இருப்பது?