அஞ்சு ஏக்கரும் ஒரு தனி இலையும்

என் பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுவார்கள் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு ஆளிடம்தான் பெருமை பேசியிருக்கிறேன். அது பொய். அதற்கான தண்டனை ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டு நேரத்தில் கிடைத்தது.

எழுபதுகளின் கடைசி. எனக்கு முப்பது வயது. ஊர் நிந்தவூர், இலங்கையின் கிழக்குக் கரையில் ஒரு முஸ்லிம் ஊர். சொந்தமாக ஒரு சாண் நிலமில்லை. மற்றவர் வயலில் கூலிக்கு உழுதேன், விதைத்தேன், வெட்டினேன்.

பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவில் ஒரு போடியார் இருந்தார். போடியார் என்றால் நிறைய வயல் உள்ளவர். இவர் தலைமை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவரும் கூட. அவருடைய அஞ்சு ஏக்கரைச் செய்து வந்த ஆள் விட்டுப் போய்விட்டார். மாரி மழைக்கு முன் புது ஆள் வேண்டும். நான் போய்க் கேட்டேன். எனக்கு முன்பே மூன்று பேர் கேட்டிருந்தார்கள்.

அவர் என் கையைப் பார்க்கவில்லை. உழவு தெரியுமா என்றும் கேட்கவில்லை.

"ஆதம்பாவா, புள்ளையள் எத்தனை?"

"மூணு, போடியார். கடைசி மடியில."

"சோறு திங்கக்குள்ள ஒழுங்கா இருப்பாங்களா?"

(வயலுக்கும் பிள்ளை சோறு தின்பதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. வயல் வேண்டும் என்று போனவன் கேள்வி கேட்கிறதா?)

"ஓம் போடியார். சத்தமே வராது."

"அப்ப வாற ஞாயிற்றுக்கிழமை பகலைக்குக் கூட்டிட்டு வா. சாப்பாடு இஞ்சதான். மரக்கறிதான் சமைப்பம், யோசிக்காத. புள்ளை சாப்பிடுறதப் பாத்தா எனக்குத் தகப்பனத் தெரிஞ்சிடும்."

வீட்டுக்கு வந்து மனைவி ஆமினாவிடம் சொன்னேன். அவள் கைக்குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"சத்தமே வராதெண்டா சொன்ன?"

"ஓம்."

"நீங்க திங்கக்குள்ளயே சத்தம் வரும்."

அவள் சொன்னது சரி. எங்கள் வீட்டில் ஒரு பெரிய எனாமல் தட்டு. சகன் என்போம். நடுவில் சோறு, மேலே கறி, சுற்றிவர எல்லாரும். பிள்ளைகள் கத்தும். மீனுக்குச் சண்டை பிடிக்கும். பாதியில் எழும்பி ஓடுகிறதைப் பிடித்து உம்மா வாயில் உருண்டை வைப்பாள். எந்தப் பிள்ளை எவ்வளவு தின்றது என்று யாருக்கும் தெரியாது. தட்டு காலியானால் எல்லாரும் தின்றாயிற்று என்று அர்த்தம்.

போடியார் வீட்டில் இலை போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தமிழ் ஆட்களோடு எத்தனையோ வருடம் வயலில் வேலை செய்தவன். ஆனால் ஒரு வீட்டுக்குள் போய் இலையில் உட்கார்ந்ததில்லை. அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. எல்லாம் தெரிந்தவன் மாதிரி மூன்று நாள் பிள்ளைகளைப் பழக்கினேன்.

பின்வளவில் ஒரு பெரிய வாழையிலை வெட்டினேன். பாயில் விரித்தேன். ஒரு பக்கம் மூத்தவள் ஹாஜறா, ஒன்பது வயது. எதிர்ப்பக்கம் ஜெமீல், நாலரை. நடுவில் இலையின் தண்டு.

"இந்தத் தண்டு தெரியுதா? இதத் தாண்டிக் கை போகப்படாது. இஞ்சால உன்ட பங்கு. அங்கால மத்த ஆள்ட பங்கு. விளங்கினதா?"

"விளங்கின வாப்பா."

"வாய் திறக்கப்படாது. கறி கேக்கப்படாது. சட்டையில கை துடைக்கப்படாது."

மூன்றாம் நாள் ஜெமீல்கூடத் தண்டைத் தாண்டவில்லை. நான் ஆமினாவைப் பெருமையாகப் பார்த்தேன். அவள் உலை வைக்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் கைக்குழந்தையும் வீட்டில் நின்றார்கள். ஹாஜறாவைச் சைக்கிள் கரியரில் வைத்தேன். ஜெமீல் முன் பாரில். வழி முழுக்கப் பாடம் கேட்டுக்கொண்டே போனேன். "தண்டத் தாண்டலாமா?" "இல்ல வாப்பா." காரைதீவு வரும் மட்டும் இதே கதைதான்.

போடியார் வீட்டு விறாந்தையில் பாய் விரித்திருந்தது. போடியார், அவருடைய பேரன், நாங்கள் மூன்று பேர். பேரனுக்குப் பெயர் சிவா. ஆறு வயதிருக்கும். மகன் கொழும்பில் வேலை என்பதால் பேரனைப் போடியாரும் மனைவி போடியாரம்மாவும் வளர்த்தார்கள். திருநீறு பூசி, கால் மடக்கிச் சப்பாணி கட்டி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். அப்படி ஒரு பிள்ளையை நான் கண்டதில்லை. சிலை மாதிரி.

போடியாரம்மா இலைகளோடு வந்தார். போடியாருக்கு ஒன்று. பேரனுக்கு ஒன்று. எனக்கு ஒன்று. ஹாஜறாவுக்கு ஒன்று. ஜெமீலுக்கு ஒன்று.

ஆளுக்கு ஒரு இலை. நான் பழக்கினது இருவருக்கு ஒரு இலை.

சோறு வந்தது. தண்டுக்கு இந்தப் பக்கம் சோறு. அந்தப் பக்கம் கத்தரிக்காய்ப் பொரியல், பூசணிக்காய், வெண்டிக்காய், பப்படம். பருப்பை மட்டும் சோற்றின்மேல் ஊற்றினார்.

போடியார் பேசவில்லை. பேரனும் பேசவில்லை. அந்த வீட்டில் அப்படித்தான். இலையில் போட்டதை முடிக்க வேண்டும், முடித்த பிறகுதான் எழும்ப வேண்டும். சிவா சோற்றை ஒவ்வொரு பருக்கையாக எடுத்தான். போடியார் தன் இலையைப் பார்க்காமல் அவனையே பார்த்தார். ஒவ்வொரு வேளையும் அந்த வீட்டில் இதுதான் நடக்கிறது என்று எனக்கு விளங்கியது.

ஹாஜறா சாப்பிட்டாள். அழகாகச் சாப்பிட்டாள். தண்டுக்கு இந்தப் பக்கம் இருந்த பருப்புச் சோற்றை மட்டும். அந்தப் பக்கத்துக் கறி ஒன்றையும் தொடவில்லை. அது மற்ற ஆளின் பங்கு. மற்ற ஆள் இன்னும் வரவில்லை.

போடியாரம்மா குனிந்து பார்த்தார். "ஏன் புள்ள, கறி தொடுறாய் இல்ல? உறைக்குதா?"

ஹாஜறா வாய் திறக்கவில்லை. (வாய் திறக்கப்படாது என்றுதானே வாப்பா சொன்னது.)

"உப்புக் கூடிட்டா?"

போடியாரம்மாவின் முகம் கறுத்தது. காலையிலிருந்து சமைத்தவர்.

"சாப்பிடு மகள், ரெண்டு பக்கமும் உனக்குத்தான்" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை. மூன்று நாள் பாடத்தை ஒரு நிமிசத்தில் மாற்றினால் எந்தப் பிள்ளை நம்பும்?

பிறகு எல்லாரும் ஜெமீலைப் பார்த்தோம்.

அவன் சோற்றில் கையே வைக்கவில்லை. தனக்கு எதிரில் பார்த்தான். ஆளில்லை. வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் பார்த்தான். எல்லாருக்கும் தூரத்தில் தனியாக இருந்தான். அழத் தொடங்கினான்.

"ஏன் தம்பி, சாப்பிடன்" என்றார் போடியார்.

ஜெமீல் என்னைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"வாப்பா, எனக்கும் கொப்புளிப்பானா?"

இதை விளக்க வேண்டும். அதற்கு முதல் வருடம் ஹாஜறாவுக்குக் கொப்புளிப்பான் வந்தது. அம்மை நோய், உடம்பு முழுக்கக் கொப்புளம். மற்றவனுக்கும் தொற்றும் என்று ஆமினா அவளுக்கு மூலையில் தனிப் பாயும் தனித் தட்டும் கொடுத்தாள். ஜெமீல் தன் வாழ்நாளில் ஒரு பிள்ளைக்குத் தனிச் சோறு வைத்ததைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தனியாகச் சோறு வைத்தால் நோய். அவனுக்கு அது சட்டம்.

ஆனால் போடியார் வீடு கண்ணகி அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைக்கிற வீடு. அங்கே கொப்புளிப்பானை அந்தப் பெயரால்கூடச் சொல்லமாட்டார்கள். அம்மாள் என்பார்கள்.

போடியாரம்மாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

"அம்மாளே! எந்தப் புள்ளைக்கு?"

அதுவரை வாய் திறக்காத ஹாஜறா, இப்போது உதவி செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தாள். பள்ளிக்கூடத்தில் மாதிரிக் கையை உயர்த்தினாள்.

"எனக்குத்தான் வந்த. அவனுக்கு இன்னும் வரல்ல."

"ஐயோ, அது போன வருசம்!" என்று நான் கத்தினேன். "போன வருசம் அம்மா! இவனுக்கு ஒண்டுமில்ல, நோயுமில்ல, நொடியுமில்ல!"

"மறுகா ஏன் புள்ள அழுவுது?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அழுகிற பிள்ளைக்கு முன்னால் நின்று தட்டு, இலை, தண்டு என்று விளக்க எனக்கு வாய் வரவில்லை. பேச்சு எனக்கு எப்போதும் வராது. கைதான் வரும். எழும்பினேன். ஜெமீலுக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். என் இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே கையை அவன் இலையில் வைத்தேன். ஒரு பிடி தின்றேன். "இந்தா பாருங்க, நோய் வருத்தம் உள்ள புள்ளையிட சோத்த நான் தின்பனா?"

போடியாரம்மா வாயைப் பொத்தினார். நோய்க்காக அல்ல. ஒரே சோற்றில் பல கை படுவது எங்களுக்குப் பறக்கத், இறைவனின் அருள். அவர்களுக்கு அது எச்சில். அதுவும் வெள்ளைப் பாய் விரித்து வைத்த விருந்தில்.

ஜெமீல் அழுகையை நிறுத்தினான். எதிரில் ஆள் வந்துவிட்டது. மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு வேகமாகத் தின்னத் தொடங்கினான். அதைப் பார்த்த ஹாஜறா, வீட்டு ஒழுங்கு திரும்பிவிட்டது என்று நினைத்து, தன் இலையை விட்டுவிட்டு ஓடிவந்து பக்கத்தில் குந்தினாள். கறியிலும் கை வைத்தாள். வீட்டில் மாதிரியே பப்படத்துக்குச் சண்டை தொடங்கியது.

இதற்கு மேல் ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன். நடந்தது.

சிவா எழும்பி வந்தான். தன் இலையில் முக்கால்வாசிச் சோறு அப்படியே கிடக்க, எங்கள் இலையின் நாலாவது பக்கத்தில் சப்பாணி கட்டினான். கையை வைத்தான்.

"டேய் சிவா! எழும்படா அங்கால!" போடியாரம்மாவின் குரல் கிழிந்தது.

அவன் எழும்பவில்லை. ஒரு பிடி, இரண்டு பிடி. ஹாஜறாவின் விரலுக்குக் கீழிருந்து பூசணிக்காயை இழுத்தான். சிரித்தான். சிலைக்குப் பல் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

என் கை அந்தரத்தில் நின்றது. அந்தப் பிள்ளையைத் தள்ளுவதா, விடுவதா? புத்தி ஒன்றும் சொல்லவில்லை. பழக்கம் சொன்னது. சகனில் பக்கத்தில் இருப்பவருக்கு நல்ல துண்டைத் தள்ளி வைப்பது எங்கள் மரியாதை. என் கை தானாகவே பப்படத்தை உடைத்து, பெரிய பாதியைச் சிவாவின் பக்கம் வைத்தது. அவன் எடுத்துக் கடித்தான். அந்த நொறுங்கல் சத்தம் விறாந்தை முழுக்கக் கேட்டது.

போடியார் என்னைப் பார்த்தார். கை கழுவப் போய்விட்டார்.

நாங்கள் வாசல் படலையைத் தாண்டும்போது பின்னால் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. மஞ்சள் மணத்தது.

வீட்டில் ஆமினா வாசலில் நின்றாள். "வயல் கிடைச்சதா?"

"பப்படம் கிடைச்சது" என்றேன். முழுக் கதையையும் ஹாஜறாதான் சொன்னாள். ஆமினா சிரித்த சிரிப்பில் கைக்குழந்தை விழித்துக்கொண்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அஞ்சு ஏக்கர் கிடைக்காவிட்டால் இன்னொரு மாரியும் கூலிதான். ஒரு வாரம் போனது. போடியாரிடமிருந்து செய்தி இல்லை. மற்ற ஆட்கள் உழவைத் தொடங்கிவிட்டார்கள். நான் ஒவ்வொரு காலையும் ஜெமீலின் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தேன். எங்கே உண்மையாகவே கொப்புளம் வந்துவிடுமோ என்று பயம். பத்தாம் நாள் கழுத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அவனைக் குசினிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆமினா ஒரு பார்வை பார்த்தாள்.

"நுளம்பு கடிச்சிருக்கு. போய் வேலையப் பாருங்க."

பதினாறாம் நாள் பகல், நாங்கள் தட்டைச் சுற்றி இருக்கும்போது வாசலில் சைக்கிள் மணி. போடியார். நான் சோற்றுக் கையோடு எழும்பி ஓடினேன். அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம், கை, கால்.

"பதினஞ்சு நாள் பொறுத்தன் ஆதம்பாவா. அம்மாள் தொத்தினா அதுக்குள்ள காட்டிடும். பேரனுக்கு ஒண்டும் வரல்ல. நாளைக்கு உழவத் தொடங்கு."

தலையாட்டினேன்.

அவர் போகவில்லை. சைக்கிள் கைபிடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஒரு கரைச்சல் இருக்கு. அவன் இப்ப தனிய சாப்பிடுறான் இல்ல. அதே இலையில எதிர்ல ஆள் இருக்கணுமாம். இருந்தா எல்லாத்தையும் முடிக்கிறான்."

"ஆர் போடியார் இருக்கிற?"

அவர் தென்னை மரத்தைப் பார்த்தார். "வேற ஆரு, நான்தான். என்ட பொஞ்சாதி என்னோட கதைச்சு ஒம்பது நாள்."

ஆமினா செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தாள். நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். என் பிள்ளைகள் சாப்பிட்ட விதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வயலை ஆறு வருடம் செய்தேன். முதல் போகம் எல்லாருக்கும் பிந்தித்தான் விதைத்தேன். ஏன் பிந்தியது என்று பக்கத்து வயல்காரர் கேட்டார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஊரில் அந்தத் துண்டுக்குக் கொப்புளிப்பான் வயல் என்று பெயர் விழுந்தது. நான் விட்ட பிறகும் பெயர் விடவில்லை. பிறகு செய்தவர்களும் அதையே சொன்னார்கள். ஜெமீலுக்கு இப்போது நாலு பிள்ளைகள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை. ஹாஜறாதான் காட்டுவாள்.

ஆறாம் வருடம் வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஒரு விவசாய அதிகாரி எங்களைக் கூப்பிட்டு, வயல்களின் பெயரை எழுதினார். என் முறை வந்தது. பெயரைச் சொன்னேன். பேனையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன் இந்தப் பேர்? பயிருக்கு ஏதும் நோய் வருத்தமா?"

"இல்ல சேர். புள்ளைக்குத்தான். அதுவும் வரல்ல."