உபகாரவர்மரின் இலவச வக்கீல்

எந்த வரைபடத்திலும் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், இருக்காது. நெடுமாடம் என்றொரு நாடு. அங்கே வீடுகள் சிலருக்குச் சொந்தம், குடியிருப்பது மற்றவர்கள். வீட்டுக்காரர் மனம் மாறினால் குடியிருப்பவர் தெருவுக்கு வரவேண்டியதுதான். வழக்கென்று போனால் வீட்டுக்காரர் பக்கம் வக்கீல்கள் வரிசையாக நிற்பார்கள். நீதிபதி மறுபக்கம் திரும்பி, "உன் வக்கீல் எங்கே?" என்பார். அதோடு வழக்கு முடிந்துவிடும்.

இதைக் கேள்விப்பட்டு மன்னர் உபகாரவர்மர் கண்கலங்கினார். காலி செய்யச் சொல்லப்படும் வாடகைதாரருக்கு அரசே இலவசமாக வக்கீல் தரும் என்று முரசறையச் சொன்னார். நல்ல சட்டம்தான். அதை நடத்தியவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கன்னார் தெருவில் தையல் வேலை செய்யும் செண்பகவல்லியை வீட்டுக்காரர் தாண்டவராயர் காலி செய்யச் சொல்லியிருந்தார். மகள் பூங்கோதை தலைப்பிரசவத்துக்கு வந்து நிறைமாதமாக இருந்தாள். "குழந்தை பொறக்கட்டுங்க, அப்புறம் நானே போயிடறேன்" என்று கெஞ்சியும் மனிதர் அசையவில்லை. முரசு கேட்டதும் செண்பகவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அரண்மனைக்கு ஓடினாள்.

வக்கீல் நீதிவாணருக்குச் சம்பளம், அங்கி எல்லாம் தந்தாயிற்றாம். உட்கார இடம்தான் இல்லையாம்.

"அலுவலகம் இல்லாமல் மனுவை எப்படி வாங்குவது?" என்றார் அமைச்சர் சாந்தசீலர். "அதுவும் வாடகைதாரர்கள் மிகவும் அவதிப்படும் தெருவிலேயே அமைய வேண்டும். அரசு மக்களைத் தேடிப் போக வேண்டுமல்லவா?"

ஆராய்ந்து பார்த்ததில் அந்தத் தெரு கன்னார் தெரு என்று முடிவாயிற்று. தாண்டவராயர் முதல் ஆளாக வந்து நின்றார். "நம்ம வீடு ஒண்ணு இருக்குங்க. ஒரு அம்மா இருக்காங்க, நாளைக்கே கிளப்பிடலாம்."

அமைச்சர் கையெழுத்துப் போட்டார். இலவச வக்கீல் துறை தாண்டவராயரின் வாடகைதாரர் ஆனது. செண்பகவல்லியின் பாத்திரம் பண்டமும் தையல் இயந்திரமும் வாசலுக்கு வந்தன. வக்கீலின் நாற்காலி உள்ளே போனது.

மறுநாள் காலை வரிசையில் முதலில் நின்றவள் அவள்தான். வக்கீல் சமையலறையில் அமர்ந்திருந்தார்.

"நீ வாடகைதாரரா?"

"நேத்து வரைக்கும் இருந்தேங்கய்யா."

"திட்டம் வாடகைதாரர்களுக்கு மட்டும்தான். இப்போது எங்கே குடியிருக்கிறாய்?"

"உங்க வாசல்லதான்."

"அது முகவரி ஆகாதே, அம்மா."

"நீங்க காகிதம் வச்சிருக்கீங்களே, அது என் அடுப்பு மேடை. அதுதாங்க என் முகவரி."

வக்கீல் பதறிப்போய் அமைச்சரிடம் விளக்கம் கேட்டார். அமைச்சர் மனமிரங்கி ஆணையைத் திருத்தினார்: வெளியேற்றப்பட்டவர்களுக்கும் வக்கீல் உண்டு, தாங்கள் ஒரு வீட்டில் குடியிருப்பதாக அவர்கள் நிரூபித்தால். இதை எழுதியவரும் சோறுதான் தின்கிறாரா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. பூங்கோதைக்கு வலி கண்டது. செண்பகவல்லி யாரையும் கேட்கவில்லை. மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நேராகத் தன் சமையலறைக்குள் போய்ப் படுக்க வைத்தாள். வக்கீல் குடையோடு வாசலில் நின்றார். பெண் குழந்தை பிறந்தது.

அமைச்சர் வந்து குழந்தைக்குச் சர்க்கரை கொடுத்தார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துப் புருவத்தைச் சுளித்தார். "இந்தக் குழந்தை எந்த ஒப்பந்தத்தின்பேரில் அரசு அலுவலகத்தில் தங்கியிருக்கிறது?"

"பச்ச உடம்புக்காரிங்க. ரெண்டு நாள் பொறுங்க" என்றாள் செண்பகவல்லி.

"சட்டம் பொறுக்காது, அம்மா. நான் பொறுப்பேன்."

குழந்தையைக் காலி செய்யச் சொல்லி வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வீட்டின் வாடகைதாரர் இப்போது யார்? துறை. வாடகைதாரருக்குத்தானே இலவச வக்கீல்? நீதிவாணர் எழுந்து துறைக்காகப் பேசினார். வாடகைதாரரின் கண்ணீரைப் பற்றி உருகி உருகிப் பேசினார். நீதிபதியே மூக்கைச் சிந்தினார். பிறகு பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் பக்கம் திரும்பினார்.

"உன் வக்கீல் எங்கே?"

அதோடு வழக்கு முடிந்துவிட்டது.

அடுத்த நாளே முரசு மறுபடி முழங்கியது: இலவச வக்கீல் திட்டத்தில் எடுத்த வழக்குகள் அனைத்திலும் வெற்றி. கன்னார் தெரு முனையில் தையல் இயந்திரத்தின்மேல் கோணியைப் போர்த்திக்கொண்டிருந்த செண்பகவல்லியைப் பார்த்து முரசுக்காரர் நின்றார்.

"ஏம்மா, உனக்கு வக்கீல் கிடைச்சாரா?"

"கிடைச்சாருங்க. நல்லாத்தான் பேசினாரு. எம் பேத்திக்கு எதிரா."