மூன்றாம் நம்பர் கேமரா

தேர்வாளர் என்றோர் இனம் மலாக்காவில் அமோகமாக விளைகிறது. ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள், செம்பனையை அழித்து வீடு கட்டினார்கள். இந்த இனத்துக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை. கோயிலுக்கு ஒலிபெருக்கி, தமிழ்ப்பள்ளிக்கு நாற்காலி, மண்டபத்துக்கு மின்விசிறி, எது வாங்குவதென்றாலும் இவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த நாற்காலியில் இவர் உட்காரப் போகிறாரா? இல்லை. அந்த மின்விசிறியின் கீழ் இவருக்கு வியர்க்கப் போகிறதா? அதுவும் இல்லை. ஆனாலும் பார்த்துச் சொல்வார்.

சிம்பாங் அம்பாட் பக்கத்துக் குடியிருப்பின் சங்கத் தலைவர் திருச்செல்வம் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி. பணி ஓய்வு பெற்ற தலைமைக் கிராணி, அதாவது எழுத்தர். அந்த வட்டாரக் காவல் நிலையம் ஒன்றில் போலீஸ்காரர்கள் நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் கேமரா வாங்கப் போகிறார்கள், மூன்று மாதிரிகள் வந்திருக்கின்றன, பொதுமக்களின் கருத்து வேண்டும் என்று கடிதம் வந்ததும், அவர் புது பாத்தேக் சட்டைக்கு இஸ்திரி போட்டார். அவருக்குப் பொதுமக்கள் என்றால் அவர்தான்.

ஆனால் அன்று நிலையத்துக்குக் காளியம்மாவும் வந்திருந்தார். தோட்டத்தில் செம்பனைப் பழம் பொறுக்குபவர். இரண்டு மாதத்துக்கு முன் புலாவ் செபாங் சாலைத் தடுப்பில் அவர் மகன் திலீபனின் லாரியை நிறுத்திய போலீஸ்காரர் ஒருவர் விட்ட அறையில் அவனுக்கு இடது காது போயிற்று. அவனே தடுக்கி விழுந்தான் என்று அறிக்கை. பார்த்த சாட்சி யாரும் இல்லை. அவன் இன்றும் அதே சாலையில்தான் லாரி ஓட்டுகிறான். ஆகவே காளியம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"இத மாட்டிக்கிறவங்களே அடைச்சு நிறுத்திப் போட முடியுமா சார்?"

"இரும்மா. அதெல்லாம் டெக்னிக்கல். அப்புறம் பேசலாம்" என்றார் திருச்செல்வம்.

தேர்வாளர் பொருளைச் சோதிக்கும் முறையைக் கவனியுங்கள். முதலில் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். பிறகு விரல் முட்டியால் தட்டி, தட்டிய சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவார். "எந்த நாட்டுச் சாமான்?" என்பார், எந்த நாட்டைச் சொன்னாலும் "நெனச்சேன்" என்பார். கடைசியில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்ப்பார். அங்கே கண்ணாடி இல்லை. பரிசுக் கோப்பை அடுக்கிய அலமாரியின் கண்ணாடிக் கதவில் பார்த்துக்கொண்டார்.

முதலாம் நம்பர் சட்டைப் பையை இழுத்தது; தள்ளுபடி. இரண்டாம் நம்பர் இலேசு, நீல நிறம், நடுவில் பெரிய பொத்தான். அழுத்தினால் பதியும், மறுபடி அழுத்தினால் நிற்கும். மூன்றாவது கறுப்பு. "இதுல பொத்தானே கெடையாது சார். சார்ஜ் போடுற தாங்கியிலேர்ந்து எடுத்தா ஓட ஆரம்பிக்கும், திரும்பக் கொண்டாந்து வச்சாதான் நிக்கும். போட்டவரு ஒன்னும் செய்ய முடியாது" என்று நிலையத்துச் சார்ஜன் கணேஸ்வரன் விளக்கியபோது, தேர்வாளர் அலமாரிக் கதவில் முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு வரவேற்புரை ஆற்றினார். மூன்றாவதைக் கழற்ற மறந்து தேநீருக்குப் போனார்.

தேநீர் முடிந்து வந்ததும் அவரே கேட்டார்: "நம்ம பேச்சு எப்படி விழுந்திருக்குன்னு போட்டுக் காட்டுங்க லா."

சார்ஜன் மூன்றாவதை அவர் நெஞ்சிலிருந்து கழற்றித் திரையில் இணைத்தார். பேச்சு கணீரென்று விழுந்திருந்தது. முகம் மலர்ந்த திருச்செல்வம் சங்கச் செயலாளர் புனிதாவைப் பார்த்தார். அந்தப் பெண் கடமைக்கு இரண்டு முறை கைதட்டினாள். பேச்சு முடிந்தது. படம் முடியவில்லை. தாழ்வாரம் வந்தது, கறிபாப் பலகாரத் தட்டு வந்தது, தட்டை நோக்கி நான்காவது முறையாக ஒரு கை போனது. அதோடு குரலும் வந்தது:

"அந்தக் காளியம்மாவ யாரு புனிதா கூப்பிட்டது? அவ மவன அடிச்சது எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அந்த வழியாத்தான் வந்தேன். கண்ணு முன்னால பளார்னு விட்டான். காரு கண்ணாடிய ஏத்திக்கிட்டு, ரேடியோவ சத்தமா வச்சுக்கிட்டு வந்துட்டேன். தீபாவளி விருந்துக்குப் பெரிய போலீஸ் அதிகாரிய கூப்பிட்டிருக்கேன், நமக்கு எதுக்கு வம்பு?"

அதற்குப் பிறகு திரையில் கறிபாப் மெல்லும் சத்தம் மட்டும்.

காளியம்மா சத்தம் போடவில்லை. "உங்க காரு வெள்ளக் காரா சார்?" என்று கேட்டார். "ஒரு வெள்ளக் காரு நின்னு பாத்துட்டுப் போச்சும்மா, நல்லவங்களாத்தான் இருக்கும், தேடிப் பாருன்னு எம் மவன் சொன்னான். ரெண்டு மாசமா தேடுறேன்."

இந்த இடத்தில் வேறொரு மனிதர் தலை குனிந்திருப்பார். தேர்வாளர் தேர்ந்தெடுத்தார்.

"ரெண்டாம் நம்பருக்குத்தான் என்னோட ஓட்டு. மூனாவது சரிப்படாது. எழுதிக்கோ புனிதா."

"காரணம் என்னன்னு எழுத அங்கிள்?"

"பழுதுன்னு எழுது."

"என்ன பழுது?"

"நிக்க மாட்டேங்குது!"

புனிதா அப்படியே எழுதினாள், ஓர் எழுத்துக் குறைக்காமல். நீட்டிய இடத்தில் அவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அதுவும் அந்த இனத்தின் பழக்கம். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, அந்தத் தேநீர் பகுதிய மட்டும் அழிச்சிருங்க" என்றார்.

"முடியாது சார்" என்றார் சார்ஜன். "நான் மட்டுமில்ல, யாராலயும் முடியாது. அந்த அம்மா கேட்டு மனு எழுதினா, கேஸ் பாக்குறவங்களுக்குக் குடுத்துத்தான் ஆகணும்."

காளியம்மா புனிதாவிடம் பேனாவை வாங்கிக்கொண்டார்.

திருச்செல்வத்தின் கை தன் நெஞ்சைத் தடவியது. கேமரா அங்கே இல்லை, இருந்தாலும் அதில் பொத்தான் இல்லை. விரல் மட்டும் தேடிக்கொண்டே இருந்தது.

நன்றாகச் சிரித்தீர்களா? சிரியுங்கள். நீங்களும் இந்த ஊர்ச் சாலைகளில் கார் ஓட்டுகிறவர்தானே. கடைசியாக ஒரு சாலைத் தடுப்பைக் கடந்தபோது ஓரத்தில் ஒருவனை இறக்கி நிறுத்தியிருந்தார்கள். அவன் உங்கள் காரின் நிறத்தைப் பார்த்து வைத்திருக்கிறான். அப்போது உங்கள் ரேடியோவில் என்ன பாட்டு ஓடியது? ஞாபகம் இருக்கிறதா?