நூலைக் காணோம்

உங்களுக்கு இதெல்லாம் எதற்கு? அடுத்தவள் வயிற்றுக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காதா? என் பேத்திதான் பாதியைச் சொல்லிச் சிரித்திருப்பாள். மீதியைக் கறக்க வந்துவிட்டீர்கள். உங்களுக்கும் வெட்கம் இல்லை, எனக்கும் அது தீர்ந்து பல வருஷம் ஆகிறது. உட்காருங்கள்.

அப்போது சேக்காட்டில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரு குழாய், ஒரு பாத்ரூம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கேட்டில் ஒவ்வொருத்தியையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள், நூல்கண்டைச் சொருகிக்கொண்டு போகிறோமா என்று. (ஒரு நூல்கண்டை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன கோட்டையா கட்டப்போகிறோம்?) வயிறு தெரிய ஆரம்பித்தால் சூப்பர்வைசர், "ஊட்டுக்குப் போய் ரெஸ்ட் எடும்மா" என்பான். அந்த ரெஸ்ட் முடியவே முடியாது. உன் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள்.

எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். போதும் என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசி முடிவு செய்து, மாமியாருக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரியில் காப்பர்-டீ வைத்துக்கொண்டேன். மாமியார் தினம் முட்டி போட்டு மாதாவிடம் பேரன் கேட்டுக்கொண்டிருந்தாள். மாதாவுக்கு எதற்கு வீண் அலைச்சல் என்று நான்தான் நடுவில் புகுந்தேன்.

"அதோட வால்ல ஒரு நூல் கீது. மாசம் ஒரு தபா விரலால தொட்டுப் பாரு. தட்டுப்படலன்னா ஓடியா" என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய நூல். மாசாமாசம் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவள் மாதிரி பயபக்தியோடு பார்ப்பேன். இருக்கும்.

ஒரு மாசம் இல்லை.

பாத்ரூமில் உட்கார்ந்து தேடினேன், நின்று தேடினேன். வெளியே பக்கத்து வீட்டு சரோஜா கதவைத் தட்டினாள். "இன்னா ஸ்டெல்லா, உள்ளயே குடித்தனம் வச்சிட்டியா?"

நூல் போனால் காப்பர்-டீயும் போயிருக்கலாம். அது போனால் மூணாவது. மூணாவது வந்தால் வேலை போச்சு. வீட்டுக்குள் ஓடினேன். அவர் ஜன்னலில் கண்ணாடியை மாட்டி சவரம் செய்துகொண்டிருந்தார்.

"யோவ், நூல காணோம்யா."

"ஊசி டப்பாவுல பாரு மே."

"அந்த நூல் இல்லய்யா. உள்ள வச்ச நூலு."

"உள்ளன்னா, பீரோவுலயா?"

"என் உள்ளய்யா!"

பாதி முகம் சோப்பு நுரையோடு திரும்பினார். "அத்த ஏன் என்னாண்ட கேக்குற? நானா எடுத்தேன்?"

ரயிலுக்கு நேரமாச்சு என்று கிளம்பியும் விட்டார். பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்ய இரண்டு பேர். தேடுவதற்கு மட்டும் ஒருத்தி. இப்போது நினைத்தாலும் அந்த சவர பிளேடைப் பிடுங்கி மீசையில் பாதியை எடுத்திருக்கலாமே என்று கை பரபரக்கிறது.

லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சு முழுக்க ஜனம். வேறொரு நர்ஸ், பேரையும் வேலையையும் கேட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, "இன்னாத்துக்கு வந்த?" என்றாள். காதோடு காதாகச் சொன்னேன்.

"இன்னாது? தெம்பா சொல்லு!"

"நூல காணோம்கா."

அவள் கழுத்தைத் திருப்பி, ஹாலின் அந்தக் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். "டாக்டரம்மா! நூல காணோம்னு ஒருத்தி வந்துகீறா! சட்டக் கம்பெனில வேல செய்யுதாம்!"

அத்தனை தலையும் திரும்பியது. அதில் ஒரு தலை சரோஜாவுடையது. பல்வலி, கன்னம் வீங்கி இட்லி மாதிரி இருந்தது. வாயைத் திறக்க முடியாதாம். (திறந்தாள். நன்றாகவே திறந்தாள்.)

உள்ளே என்னை மேஜைமேல் ஏற்றினார்கள். வேடிக்கை பார்க்க, டிரெயினிங் பெண்கள் ஒரு கூட்டம். "படிக்காததுங்களுக்கு வெச்சா இப்படித்தான். நீயே பிடிச்சு இழுத்துட்டியா?" என்றார் டாக்டரம்மா. வாய்வரைக்கும் பதில் வந்தது. ஆனால் காலைத் தூக்கிப் படுத்துக்கொண்டு யாரிடமும் ரோஷமாகப் பேச முடியாது. வேண்டுமானால் படுத்துப் பாருங்கள்.

மூத்திரம் சோதித்தார்கள். கர்ப்பம் இல்லை. அப்புறம் ஏதோ மெல்லிய கருவியை விட்டு டாக்டரம்மா துழாவினார். "இருக்கு. நூல் சுருண்டு மேல ஏறியிருக்கு, அவ்வளவுதான். காப்பர்-டீ அது இடத்துலதான் இருக்கு, போ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இல்லன்னாலும் அழுவுற, கீதுன்னாலும் அழுவுற" என்று நர்ஸ் என்னைத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்தால் குழாயடியில் மொத்த வரிசையும் நிற்கிறது. நடுவில் மாமியார், மாரில் அடித்துக்கொண்டு. "அந்தோணியாரே! என் ஊட்ல திருடியா! அடிப் பாவி, நூல்கண்ட போய் அங்கயாடி ஒளிப்ப!"

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் சரோஜாவின் கன்னத்தைப் பார்த்தேன், விளங்கியது. கம்பெனி நூலைத் திருடி ஒளித்துவிட்டேனாம், கேட்டில் தடவிப் பார்த்துக் கிடைக்காததால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் உள்ளேயே தேடினார்களாம்.

அந்த வரிசையில் இரண்டு பேர் என் கம்பெனிக்காரிகள். மறுநாள் காலையில் சூப்பர்வைசர் காதுக்குப் போய்விடும். பிள்ளைத்தாய்ச்சி என்று போகாத வேலை திருடி என்று போகும். உண்மையைச் சொன்னால் மாமியார் இருக்கிறாள். காலையிலிருந்து ஒவ்வொருத்தரிடமும் முழுங்கிய கோபமெல்லாம் ஒன்றாக மேலே வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப என் பேரன்?" என்றாள் மாமியார்.

"உன் புள்ளையாண்ட கேளு அத்தே. அதுவும் சேந்துதான் வாணாம்னுச்சு."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் மூக்குக் கண்ணாடியோ சாவியோ காணாமல் போனால், "ஆயாவைக் கேளு, உள்ள ஏதாவது கீதான்னு" என்று என் பேத்திகள் கத்துகிறார்கள். கத்தட்டும். அன்றைக்கு நான் கத்தியதில் பாதிகூட வராது. ஏனென்றால் சரோஜா அப்போதும் அடங்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அப்ப கம்பெனி நூலு?" என்று கேட்டாள்.

இடுப்பில் கை வைத்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன்.

"கம்பெனி நூலு கம்பெனில கீது. என் நூலு என் உள்ளதான் கீது. நம்பாதவ எவளா இருந்தாலும், கைய சோப்பு போட்டுக் கழுவிக்கினு வரிசைல வந்து நில்லுங்கடி!"